என்.சி.சி. ஃபயரிங்: குண்டு சிதறாமல் இருக்க

பாயிண்ட் 22 ரைஃபிளோடு 25 மீட்டர் ரேஞ்சில் முதல்முறை படுக்கும் கேடட்கள் பெரும்பாலும் இலக்கையே முறைத்துப் பார்ப்பார்கள். பார்வை முன்குறியின் (குழல் முனையில் குறிபார்க்க உள்ள சிறு முனை) நுனியில் நிற்க வேண்டும். இலக்கு லேசாக மங்கித் தெரிந்தால் சரி.

பட் (ரைஃபிளின் பின்கட்டை) தோள்குழியில் இறுக்கமாக இருக்கட்டும், இடது முழங்கை ரைஃபிளுக்கு அடியில் வரட்டும். மூச்சை இழுத்து, பாதி விட்டு, அங்கேயே நிறுத்துங்கள். பத்து விநாடிக்குள் சுட முடியவில்லையா? விரலை எடுத்துவிட்டு மறுபடி மூச்சு விடுங்கள். கண் கலங்கிய பிறகு சுடுவது வீண்.

அப்புறம் டிரிகர். பலருக்கும் கெடுவது இங்கேதான். வெடிக்கப்போகிறது என்று பயந்து வெடுக்கென்று இழுத்தால் குழல் நகர்ந்துவிடும். விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதையால் மெல்ல, நேராகப் பின்னோக்கி அழுத்துங்கள். வெடித்த பிறகும் ஒரு நொடி அப்படியே இருங்கள்.

ஐந்து குண்டும் ஓரிடத்தில் நெருக்கமாக விழுந்து, மையத்தைவிட்டு விலகியிருந்தால் கவலை வேண்டாம். உங்கள் கை நிலையாக இருக்கிறது, குறியைத்தான் சரிசெய்ய வேண்டும். பயிற்றுநரிடம் சொல்லுங்கள். அவர் உத்தரவு வரும்வரை விரல் டிரிகருக்கு வெளியே, குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும்.