வீட்டுக்குழுத் தலைவர்களுக்கு ஒரு வார இறுதி ஓய்வு: ஏற்பாடு செய்பவர்களுக்கு

சிங்கப்பூரில் நம் தமிழ்ச் சபைகளில் வீட்டுக்குழு நடத்துகிறவர்களின் வெள்ளிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வீடு வந்து, கூடத்தைப் பெருக்கி, பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தேநீர் போட்டு, வேதபாடம் நடத்துகிறார்கள். எல்லோரும் கிளம்பிய பிறகு லிஃப்ட் வாசலில் நின்று யாரோ ஒருவரின் குடும்பப் பிரச்சினையைப் பதினொரு மணிவரை கேட்கிறார்கள். இப்படிப்பட்டவர்களை ‘ரிட்ரீட்’ என்று அழைத்துப்போய், காலை ஆறு மணிக்கு எழுப்பி, நான்கு பிரசங்கமும் இரண்டு பயிற்சி வகுப்பும் வைத்து அனுப்புவது அநியாயம்.

சபையில் குழுத்தலைவர்களைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. அதற்கு முன் நெடுங்காலம் மருத்துவமனைத் தாதியாக (நர்ஸாக) வேலை பார்த்தவள். இந்த வார இறுதியில் அவர்கள் தூங்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், சுமக்கிற பாரத்தில் ஒன்றையாவது இறக்கிவைக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பயிற்சி வேண்டுமானால் வேறொரு சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி பார்க்கும்போது பள்ளி விடுமுறையையும் நீண்ட வார இறுதியையும் தவிர்த்துவிடுங்கள். அப்போது கடலோர ஷாலே (வாடகைக்கு விடும் விடுமுறை வீடு) எதுவும் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நடக்கும் செப்டம்பர், அக்டோபரில் பெற்றோர் உடலால் வருவார்கள், மனம் வீட்டில் இருக்கும். நவம்பர் முடிந்தால் கிறிஸ்துமஸ் பாடல் பவனி. ஜூலை மாதத்தில் ஒரு சாதாரண வாரம் நல்லது. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம்வரை. ஞாயிறு ஆராதனைக்கு ஆள் வேண்டுமே என்ற கேள்வி உடனே வரும். பாடல், வேதவாசிப்பு, காணிக்கை, ஞாயிறு பள்ளி எல்லாவற்றையும் அன்றைக்கு வாலிபர்களிடம் ஒப்படைக்கும்படி போதகரிடம் மூன்று மாதத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். அவர்கள் செய்வார்கள். நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இடத்தைப் பொறுத்தவரை பலரும் மலேசியாவின் ஜொகூர் அல்லது இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு என்பார்கள். நான் சிங்கப்பூருக்குள்ளேயே இருக்கச் சொல்வேன். வெள்ளிக்கிழமை மாலை ஜொகூர் எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நிற்கும் வரிசையே ஒருவரின் கடைசிச் சக்தியையும் உறிஞ்சிவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம் குழுத்தலைவர்களில் வெளிநாட்டிலிருந்து வந்து வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிகள் இருக்கிறார்கள், வீட்டுப் பணிப்பெண்களாக வேலை செய்யும் சகோதரிகள் இருக்கிறார்கள். எல்லை தாண்ட வேண்டும் என்றால் முதலில் கழன்றுகொள்வது அவர்கள்தான்.

வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதியில் குழு நடத்தும் தம்பிக்குச் சனிக்கிழமையும் வேலை இருக்கலாம். அவர் சனி இரவு வந்து சேர்ந்தாலும் அவருக்கென்று கட்டிலும் சாப்பாடும் எடுத்துவைத்திருக்க வேண்டும். பணிப்பெண்ணாக இருக்கும் சகோதரிக்கு இரவு தங்க அனுமதி கிடைக்காமல் போகலாம். ஞாயிறு காலை அவர் வரும்போது முக்கியமானது எல்லாம் முடிந்திருக்கக் கூடாது. இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் வீட்டில் பணிப்பெண் இருந்தால், பிள்ளைகளைப் பார்க்க அவருடைய ஞாயிறு ஓய்வைப் பிடுங்காதீர்கள். மாதத்தில் ஒரு ஓய்வுநாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது என்று 2023 முதல் சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒருவர் இளைப்பாற இன்னொருவரின் இளைப்பாறுதலை எடுக்கலாமா? பிள்ளைகளை இரண்டு நாள் வைத்துக்கொள்ளச் சபைக் குடும்பங்களைக் கேளுங்கள். பாட்டிமார்கள் சந்தோஷமாக முன்வருவார்கள்.

நான் விரும்புவது சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில் உள்ள சாங்கி. கடல் பக்கத்தில் இருக்கிறது, கடலோர நடைபாதை இருக்கிறது, தலைக்குமேல் விமானச் சத்தம் இருந்தாலும் பழகிவிடும். பாசிர் ரிஸ்ஸும் பரவாயில்லை, ஆனால் பேரங்காடிக்கு மிக அருகில் தங்கினால் பாதிப்பேர் ‘ஒரு சாமான் வாங்கிட்டு வர்றேன்’ என்று போய்விடுவார்கள். உபின் தீவுக்குச் சாங்கி படகுத்துறையிலிருந்து மரப்படகில் போகலாம். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறி இறங்குவது சிரமம் என்பதால் அதை விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் விடுங்கள்.

சமையலில் ஒரே சட்டம்: தலைவர்கள் சமையலறைக்குள் நுழையக் கூடாது. அக்காமார்கள் கேட்கமாட்டார்கள். ‘ரசம் மட்டும் நான் வைக்கிறேன்’ என்று ஆரம்பித்து, நாம் பார்க்கும்போது இருபது பேருக்கு மீன் கழுவிக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் பக்கமோ, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். அதனால் பரிமாறுவதற்கென்று சபையிலிருந்து நான்கைந்து பேரைத் தனியாக அழைத்துவாருங்கள். சனிக்கிழமை காலைக்குச் சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வாங்கிக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்கள் யார், இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி இருக்கிறதா என்பதைப் பெயர் பதியும்போதே கேட்டுவிடுங்கள்.

வெள்ளி இரவு நிகழ்ச்சி எதுவும் வேண்டாம். அறிமுக விளையாட்டு வேண்டாம். சாப்பாடு, ஒரு கீர்த்தனை, சின்ன ஜெபம், ஒன்பதரைக்குப் படுக்கை. சனி காலை யாரையும் எழுப்பாதீர்கள். காலை உணவு பத்து மணிவரை மேசையில் இருக்கட்டும். இது சோம்பேறித்தனம் என்று ஒரு அங்கிளாவது சொல்வார். அவரிடம் முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து கொடுங்கள். சாகவேண்டும் என்று சொல்லி சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தேவன் முதலில் தூங்கவிட்டார், தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், எலியா மறுபடியும் தூங்கினான், மறுபடியும் சாப்பாடு. ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வருகிறது. எனக்கு அந்த வரிசை மிகவும் பிடிக்கும். நோயாளிகளைக் கவனித்த யாருக்கும் பிடிக்கும்.

பதினொரு மணிக்குப் பேருந்து எண் 2 பிடித்து சாங்கி சிற்றாலய அரும்பொருளகத்துக்குப் போங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அனுமதி இலவசம். ஜப்பானியர் காலத்தில் போர்க்கைதியாக இருந்த ஸ்டான்லி வாரன், ரத்தபேதியால் படுத்த நிலையில் 1942இல் தொடங்கி மருத்துவமனைச் சிற்றாலயச் சுவரில் வரைந்த வேதாகம ஓவியங்களைப் பற்றி அங்கே தெரிந்துகொள்ளலாம். பில்லியர்ட்ஸ் சுண்ணக்கட்டியைப் பொடித்து நீல வண்ணம் செய்தார்கள். அவரால் ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் வரைய முடிந்தது, பிறகு ஓய்வெடுக்க வேண்டும். விளக்கம் சொல்லி அதைப் பிரசங்கமாக்கிவிடாதீர்கள். ஆளுக்கொரு பக்கமாகப் போய்ப் பார்க்கட்டும்.

சனி மாலைதான் உள்ளதிலேயே முக்கியமான நேரம். யாத்திராகமம் 18ஐ வாசியுங்கள். தமிழ் வாசிக்கத் தடுமாறும் இளையவர்கள் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். காலைமுதல் சாயங்காலம்வரை ஜனங்களின் வழக்கை மோசே ஒருவனே கேட்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்கள் வைக்கச் சொல்கிறார். பெரிய காரியங்கள் மேலே வரவேண்டும். நம் வீட்டுக்குழுத் தலைவர்கள் பத்துப் பேருக்குத் தலைவர்கள். ஆனால் எல்லோரும் மோசேயின் சுமையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

மூன்று மூன்று பேராக உட்காரவைத்து இந்தக் கேள்வியைக் கொடுங்கள்: என் குழுவில் நான் தனியாகச் சுமக்கும் காரியம் எது? உறுப்பினரின் பெயரோ அடையாளமோ சொல்லக் கூடாது. அதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லுங்கள், நம் சமூகம் சிறியது. பிறகு ஒரு தாதியோ ஆலோசகரோ ஒரு மணி நேரம் பேசட்டும், எதை யாரிடம் ஒப்படைப்பது என்று. வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு 1800-777-0000 என்ற வன்முறைத் தடுப்பு எண் இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்று பேசுபவருக்கு சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767 எந்நேரமும் இருக்கிறது. அவரோடு சேர்ந்து அழையுங்கள், போதகருக்கும் சொல்லுங்கள். கடன் கேட்பவர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். தலைவர் தன் சொந்தப் பணத்தில் ஐந்நூறு வெள்ளி (டாலர்) கொடுத்துவிட்டு, பிறகு அந்த உறுப்பினர் குழுவுக்கே வராமல் போவது பல சபைகளில் நடக்கிறது. கொடுப்பதாக இருந்தால் சபையின் உதவி நிதியிலிருந்து, இருவராகப் பார்த்துக் கொடுங்கள்.

அன்றிரவு போதகர் திருவிருந்து நடத்தட்டும். அதற்குமுன் ஒவ்வொருவரும் இறக்கிவைக்கும் ஒரு காரியத்தைச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுக்கட்டும். சீட்டை எரிப்பது, கடலில் விடுவது எதுவும் வேண்டாம். போதகர் அதை வாசிக்க வேண்டும். ஞாயிறு காலை அவர் சபைக்குக் கிளம்பிவிடுவார். மற்றவர்கள் பாடி, கடற்கரையில் நடந்து, தாமதமாக வந்தவர்களோடு உட்கார்ந்து பேசி, மதியம் சாப்பிட்டுக் கிளம்பலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை எந்த வீட்டிலும் கூட்டம் இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் போதகர் ஒவ்வொரு சீட்டுக்கும் உரியவரைத் தொலைபேசியில் அழைத்து, அந்தக் காரியத்தை இனி யார் பார்த்துக்கொள்வது என்று முடிவுசெய்ய வேண்டும். இந்த அழைப்புகளுக்கான தேதியை, ஷாலேவுக்கு முன்பணம் கட்டும் அன்றே அவருடைய நாட்காட்டியில் எழுதவைத்துவிடுங்கள்.