குண்டுமல்லி: ஒரே கவாத்தில் பூவும் புதுச்செடியும்

குண்டுமல்லி வளர்ப்பவர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுதான்: "செடி நன்றாகத்தான் இருக்கிறது, பூதான் வருவதில்லை." என் முதல் செடியும் அப்படித்தான் இருந்தது. ஆளுயரத்துக்கு நீண்டு, இலை கரும்பச்சையாகச் செழித்து நின்றது. இரண்டு கோடைக்கும் சேர்த்து ஒரு கைப்பிடி மொட்டுகூடத் தரவில்லை. ஆசையாக வளர்த்த கொப்புகளை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. அதுதான் தவறு. குண்டுமல்லியின் மொட்டு புதிதாக விடும் தளிரின் நுனியில்தான் கட்டும். பழைய கொப்பை வெட்டாவிட்டால் தளிர் குறையும். தளிர் குறைந்தால் பூ எங்கிருந்து வரும்?

ஆகவே கவாத்திலிருந்தே தொடங்குகிறேன். வெட்டிய குச்சியே அடுத்த செடி. இன்னும் செடி இல்லாதவர்கள், வைத்திருப்பவர் கவாத்து செய்யும் நாளில் நாலு குச்சி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விதைக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்தச் செடியில் விதை பிடிப்பது மிக அரிது.

படி 1: கவாத்து

பூப்பருவம் ஓய்ந்த பிறகு, அடுத்த வெயில் ஏறுவதற்கு முன் செய்யுங்கள். சில நாள் தண்ணீரைக் குறைத்துவிட்டு, கூரான கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டு இறங்குங்கள். காய்ந்ததும் நோய்ப்பட்டதும் முதலில் போகட்டும். பிறகு தரையில் நிற்கும் செடியை மண்ணிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரத்திலும், தொட்டிச் செடியைப் பாதி உயரத்திலும் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டும் கணுவுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். மொட்டையாக நிற்கும் செடியைப் பார்த்தால் நெஞ்சு பதைக்கும். சில வாரம் பொறுங்கள். கணுவுக்குக் கணு இரட்டை இரட்டையாகத் தளிர் எட்டிப்பார்க்கும்.

படி 2: குச்சியைத் தேர்ந்தெடுத்தல்

வெட்டிப்போட்ட குவியலில் எல்லாக் குச்சியும் வேர்விடாது. பச்சைத் தளிர் அழுகிவிடும்; பழுப்பேறி முற்றியது வேர்விடத் தயங்கும். லேசாக வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்து, பிறகு 'பட்'டென்று ஒடியும் பதம்தான் சரியானது.

அதில் 12 முதல் 15 செ.மீ. நீளம், மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி நறுக்குங்கள். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே அமைய வேண்டும், ஏனெனில் வேர் பெரும்பாலும் கணுவை ஒட்டித்தான் கிளம்பும். உச்சியில் ஒரு ஜோடி இலையை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாகக் கத்தரியுங்கள். வேர் இல்லாத குச்சியால் முழு இலைக்கும் நீர் கொடுக்க முடியாது. வேர் ஊக்கித் தூள் இருந்தால் அடிநுனியைத் தொட்டு எடுங்கள். இல்லாவிட்டாலும் வேர் பிடிக்கும்.

படி 3: ஊன்றுதல்

மணலும் தென்னை நார்க்கழிவும் சரிபாதி கலந்தால் போதும், எரு வேண்டாம். கலவையில் முதலில் ஒரு பென்சிலால் துளை போட்டு, இரண்டு கணு புதையும்படி குச்சியை இறக்கி, சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். தண்ணீர் ஊற்றி, தொட்டியை ஒளி ஊடுருவும் பையால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். பையின் உட்புறம் பனித்திருந்தால் ஈரம் போதும் என்று பொருள்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். இரண்டாம் வாரத்திலேயே சின்ன இலை துளிர்க்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது குச்சியில் இருந்த சேமிப்பில் வந்த துளிர். வேர் வந்துவிட்டதா என்று குச்சியைப் பிடுங்கிப் பார்த்து, அடிவெட்டில் கட்டியிருந்த வெள்ளைத் தடிப்பை நானே உடைத்திருக்கிறேன். வேர் கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில் அப்படிக் கைவைத்தால் குச்சி மீள்வது கடினம். வேர் பிடிக்க 4 முதல் 6 வாரமாகும். அதன்பின் மெல்ல இழுத்தால் குச்சி எதிர்த்து நிற்கும். பையை ஒரேயடியாக எடுக்காமல், ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள்.

குச்சியில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குப் பதியன் இருக்கிறது. தாழ்ந்த கொப்பு ஒன்றை வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே சாய்வாகக் கீறி, கீறல் மூடாமல் ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகி, 5 செ.மீ. ஆழத்தில் புதைத்து மேலே கல்லை வையுங்கள். மூன்று மாதம் வரை ஆகலாம். ஆனால் தாய்ச்செடி ஊட்டிக்கொண்டே இருப்பதால் பதியன் தோற்பது குறைவு.

படி 4: நடவு

தரையில் என்றால் 30 செ.மீ. நீள, அகல, ஆழமுள்ள குழி. தொட்டி என்றால் 12 அங்குலத்துக்குக் குறையாமல், அடியில் துளையுடன். தோட்டமண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மட்கிய எரு ஒன்று. தினமும் 6 மணி நேர வெயில் கட்டாயம். நிழலில் இலைதான் கிடைக்கும். தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப்போட்டாலும் அதே கதைதான். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இலை வெளுத்தால், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. வேர் நீரில் ஊறினாலும் இது வரும்.

மொட்டுகளை நூலாம்படை போலப் பின்னித் துளைக்கும் புழுவைக் கண்டால், அந்தக் கொத்தையே கிள்ளி அப்புறப்படுத்துங்கள். இலையின் அடியில் செஞ்சிலந்தி பரவினால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்: லிட்டருக்கு 5 மி.லி., சில துளி சோப்பு நீருடன்.

மொட்டு வந்தபின் ஒரு கொத்தைக் கிட்டத்தில் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று மொட்டு இருக்கும். நடுவில் இருப்பது முந்தி முற்றும். பச்சை மாறி, பால்வெள்ளையாக உருண்டு நிற்பது அன்று இரவு விரியும். மூன்றும் உதிர்ந்ததும், அந்த நுனியை ஒரு ஜோடி இலையோடு கத்தரித்துவிடுங்கள். அடுத்த கணுவிலிருந்து இரண்டு தளிர் புறப்படும், இரண்டின் நுனியிலும் மொட்டு கட்டும்.