வெளிநாட்டிலிருந்து யுனிவர்சல் ரிமோட் வாங்குவது எப்படி? கோலாலம்பூர் வீடுகளுக்கான செய்முறை விளக்கம்

தொலைக்காட்சிக்கு ஒன்று, அஸ்ட்ரோ பெட்டிக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று, ஏர்கோனுக்கு ஒன்று, மின்விசிறிக்கு ஒன்று என வரவேற்பறை மேசையில் ஐந்தாறு ரிமோட்டுகள் கிடப்பது இன்று எல்லா வீட்டிலும் காணும் காட்சி. இவற்றை ஒன்றாக்கும் யுனிவர்சல் ரிமோட்டுகளில் தரமான சில, உள்ளூர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. அமெரிக்காவிலிருந்தோ சீனாவிலிருந்தோ தருவிக்க வேண்டியிருக்கிறது. இணையத்தில் பணம் கட்டி வாங்குவது சில நிமிட வேலைதான். எதை வாங்குவது என்பதைத் தீர்மானிப்பதுதான் கடினம். அதைத் தீர்மானிப்பவை விளம்பரங்கள் அல்ல, உங்கள் வீட்டுக் கருவிகள் எந்த வகைச் சமிக்ஞையை ஏற்கின்றன என்பதே. ஆகவே இந்த விளக்கத்தின் பெரும்பகுதி, பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்குள் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது.

படி 1: வீட்டிலுள்ள ரிமோட்டுகளைச் சோதியுங்கள்

எல்லா ரிமோட்டுகளையும் ஓரிடத்தில் சேர்த்து, ஒவ்வொன்றும் எந்தக் கருவிக்கு உரியது, அதன் பிராண்டும் மாடல் எண்ணும் என்ன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கைப்பேசியின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு எதிரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மினுக்கினால் அது அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் ரிமோட். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால்தான் முன்பக்கக் கேமராவைப் பயன்படுத்தச் சொல்கிறேன். மினுக்கம் தெரியாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்; அதன் பிறகும் தெரியாவிட்டால் அந்த ரிமோட் புளூடூத்தாலோ வேறு ரேடியோ அலையாலோ இயங்குவதாக இருக்கக்கூடும்.

அகச்சிவப்பு ரிமோட்டுகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பெரும்பாலான பிராண்டுகள் 36 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்ணில்தான் குறியீடுகளை அனுப்புகின்றன. நல்ல யுனிவர்சல் ரிமோட் எதுவும் இவற்றைக் கையாளும். அமெரிக்காவில் வாங்கிய ரிமோட் மலேசியத் தொலைக்காட்சியோடு பேசுமா என்று பலர் தயங்குகிறார்கள். ஒரே பிராண்டின் தொலைக்காட்சிகள் நாடு மாறினாலும் பெரும்பாலும் ஒரே குறியீட்டுக் குடும்பத்தையே பயன்படுத்துவதால், இதில் சிக்கல் வருவது அரிது.

சிக்கல் புளூடூத்தில் தொடங்குகிறது. அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக், பிளேஸ்டேஷன் 5 ஆகிய இரண்டிலும் அகச்சிவப்பை ஏற்கும் கண் கிடையாது. இவற்றை இயக்க வேண்டுமானால் வாங்கும் ரிமோட்டில் புளூடூத் இருந்தே ஆக வேண்டும். ஆப்பிள் டிவி இரண்டையும் ஏற்கும். சாம்சுங், எல்ஜி தொலைக்காட்சிகளுடன் இப்போது வரும் ரிமோட்டுகள் புளூடூத்தைப் பயன்படுத்தினாலும், அந்தத் தொலைக்காட்சிகள் அகச்சிவப்புக் குறியீடுகளையும் ஏற்கின்றன. எல்ஜியின் ரிமோட்டை அசைத்தால் திரையில் நகரும் அம்புக்குறி மட்டும் யுனிவர்சல் ரிமோட்டில் கிடைக்காது. திசைப் பொத்தான்களால் நகர்த்திப் பழக வேண்டும்.

இந்தக் கட்டத்தில் இன்னொன்றையும் செய்து பாருங்கள். தொலைக்காட்சியின் அமைப்புகளில் எச்டிஎம்ஐ சிஇசி என்ற வசதி இருக்கும். சாம்சுங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதை இயக்கிவிட்டால் ஒரே ரிமோட்டில் தொலைக்காட்சியும் சவுண்ட்பாரும் சேர்ந்து எழும், சேர்ந்து அணையும், ஒலியும் கூடிக் குறையும். உங்கள் தேவை அவ்வளவுதான் என்றால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை.

படி 2: ஏர்கோன், மின்விசிறி, ஆட்டோ கேட் ஆகிய மூன்றையும் தனியே பிரியுங்கள்

தொலைக்காட்சி ரிமோட்டில் ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தினால், 'ஒலியைக் கூட்டு' என்ற ஒரே கட்டளைதான் போகும். ஏர்கோன் ரிமோட் அப்படி அல்ல. அதில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வெப்பநிலை, இயங்கும் முறை, விசிறியின் வேகம் ஆகிய அனைத்தையும் சேர்த்து ஒரு நீண்ட குறியீடு போகும்; ரிமோட்டின் சிறு திரையில் தெரியும் நிலை முழுவதும் ஒரே மூச்சில் அனுப்பப்படுகிறது என்று பொருள். ஆகவே, பழைய ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் யுனிவர்சல் ரிமோட்டுக்கு 'வெப்பநிலையைக் கூட்டு' என்ற பொத்தானைக் கற்பித்தால், அது கற்றுக்கொள்வது கூட்டுவதை அல்ல, அந்தக் கணத்தில் திரையில் இருந்த 25 டிகிரி என்ற நிலையைத்தான். எத்தனை முறை அழுத்தினாலும் 25 டிகிரியிலேயே நிற்கும். டைக்கின் போன்ற பிராண்டுகளின் குறியீடு மிக நீளமானது என்பதால் மலிவான ரிமோட்டுகள் அதைக் கற்றுக்கொள்ளவே முடியாமல் போவதும் உண்டு. இதற்கு நடைமுறைத் தீர்வு, '24 டிகிரி குளிர்' என்று ஒரு பொத்தானையும் 'அணை' என்று ஒரு பொத்தானையும் மட்டும் கற்பித்துக்கொள்வது. நம் ஊர் வெயிலுக்கு அந்த இரண்டும் போதும் என்பது என் கருத்து.

கூரை மின்விசிறி ரிமோட்டுகளில் அகச்சிவப்பும் உண்டு, ரேடியோவும் உண்டு. கேமராச் சோதனை எது என்று சொல்லிவிடும்.

ஆட்டோ கேட் ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தால், அல்லது அதன் மூடியைக் கழற்றினால், 330 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பதைக் காணலாம். பழைய வகையில் உள்ளே பேனா முனையால் மேலும் கீழும் தள்ளும் சிறு வெள்ளை ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கும். வெளிநாட்டுத் தயாரிப்புகளில் ரேடியோ வசதி கொண்ட பிராட்லிங்க் ஆர்எம்4 புரோ போன்றவை 315, 433 ஆகிய அலைவெண்களுக்கானவை. இங்கே பரவலாக உள்ள 330 அவற்றின் எல்லைக்குள் வராது. ஒவ்வொரு முறையும் குறியீட்டை மாற்றும் ரோலிங் கோட் வகையாக இருந்தால் 433ஆக இருந்தாலும் நகலெடுக்க முடியாது. கேட் ரிமோட்டை இந்தத் திட்டத்திலிருந்து விலக்கிவிடுமாறு பரிந்துரைக்கிறேன். நகல் வேண்டுமானால் தாமானில் சாவி வெட்டும் கடையிலேயே செய்து தருவார்கள். மேலும், வீட்டு வாசலைத் திறக்கும் கருவி வரவேற்பறையில் குழந்தைகள் கையில் புழங்குவதும் நல்லதல்ல.

படி 3: எந்த வகை வேண்டும் என்று தீர்மானியுங்கள்

வீட்டில் உள்ளவை அனைத்தும் அகச்சிவப்புக் கருவிகள் என்றால், மிஸ்டர் டிஐஒய் போன்ற கடைகளிலும் லோ யாட் பிளாசாவிலும் உள்ள சாதாரண ரிமோட்டையே முதலில் முயன்று பாருங்கள். அது தோற்றால் இழப்பு சிறியது, மாற்றிக்கொள்ளக் கடையும் பக்கத்திலேயே இருக்கிறது.

புளூடூத்தும் அகச்சிவப்பும் ஒன்றாக வேண்டும், அல்லது ஒரே பொத்தானில் தொலைக்காட்சி, சவுண்ட்பார், பெட்டி மூன்றும் எழுந்து சரியான உள்ளீட்டுக்கு மாற வேண்டும் என்றால்தான் வெளிநாட்டுத் தயாரிப்பு தேவைப்படுகிறது. நீண்ட காலம் இத்துறையில் முன்னணியில் இருந்த லாஜிடெக் ஹார்மனி ரிமோட்டுகளின் தயாரிப்பு 2021 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. பழைய சரக்கும் பயன்படுத்தியவையும் இணையத்தில் இன்னும் விற்கப்படுகின்றன. ஆனால் அவற்றை அமைப்பதற்கு அந்நிறுவனத்தின் சர்வர் தேவை என்பதாலும், உள்ளிருக்கும் பேட்டரி வயதாகியிருக்கும் என்பதாலும் புதிதாக வாங்குவோருக்கு நான் அவற்றைச் சொல்வதில்லை. இப்போது அந்த இடத்தை நிரப்ப முயல்வது சோஃபாபேட்டன். அதில் யூ2 கையடக்க ரிமோட்டாக மட்டும் வரும். எக்ஸ்1எஸ் ஒரு ஹப் பெட்டியுடன் வரும்; ரிமோட்டின் கட்டளையை ரேடியோ அலையில் பெற்று, அகச்சிவப்பாகக் கருவிகளுக்கு அனுப்புவது இந்த ஹப். உங்கள் அஸ்ட்ரோ பெட்டியும் மற்றவையும் கதவு மூடிய அலமாரிக்குள் இருந்தால் ஹப் உள்ள வகையே பொருந்தும், ஏனெனில் அகச்சிவப்பு மரக்கதவை ஊடுருவாது. பிராட்லிங்க் வகைகள் கைப்பேசி வழியாக இயங்குபவை, பொத்தான்களே இருக்காது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கைப்பேசியைத் திறந்து, செயலியைத் தேடி, பிறகு வானவில் அலைவரிசைக்கு மாற்றச் சொன்னால் பாட்டி பழைய ரிமோட்டையே கேட்பார்.

படி 4: விற்பனைப் பக்கத்தைப் பொறுமையாகப் படியுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது, பிற ரிமோட்டிலிருந்து கற்றுக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்பது. அஸ்ட்ரோ பெட்டி, யூனிஃபை பெட்டி போன்ற மலேசியக் கருவிகளின் குறியீடுகள் வெளிநாட்டுத் தரவுத்தளத்தில் இல்லாமல் போகலாம். கற்கும் வசதி இருந்தால் அந்தக் குறையை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாத ரிமோட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். ஹப் பெட்டி யூஎஸ்பி வழியாக 5 வோல்ட்டில் இயங்கினால் கவலையில்லை. தனி அடாப்டர் வருமானால் அதில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்க வேண்டும். ஜப்பானிய உள்நாட்டுப் பொருள்கள் சில 100 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை, அவற்றை நம் வீட்டு மூன்று துளைச் சாக்கெட்டில் மாற்றுப்பிளக் போட்டுச் செருகினால் கருகிவிடும். லித்தியம் பேட்டரிகளுக்கு விமான அஞ்சலில் கட்டுப்பாடுகள் இருப்பதால், ஏஏ அல்லது ஏஏஏ பேட்டரி போடும் ரிமோட்டாக இருந்தால் அனுப்புவது எளிது.

'ஃபார் சாம்சுங்', 'ஃபார் எல்ஜி' என்ற தலைப்பில் விற்கப்படுபவை பெரும்பாலும் ஒரே பிராண்டுக்கான மாற்று ரிமோட்டுகள். படத்தை மட்டும் பார்த்து யுனிவர்சல் என்று எண்ணிவிடக் கூடாது.

படி 5: இறுதி விலையைக் கணக்கிடுங்கள்

2024 ஜனவரி 1 முதல், 500 ரிங்கிட்டுக்கு மிகாத விலையில் இணையம் வழி வெளிநாட்டிலிருந்து விற்கப்படும் பொருள்களுக்கு மலேசியாவில் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. சுங்கத் துறையில் பதிவு செய்துள்ள விற்பனையாளரும் தளங்களும் பணம் கட்டும்போதே அதைச் சேர்த்துக்கொள்வார்கள். இந்த வரி பொருளின் விலைக்கு மட்டுமே. அனுப்பும் செலவுக்கு அல்ல. எடுத்துக்காட்டாக, ரிமோட் 420 ரிங்கிட், அனுப்பும் செலவு 60 ரிங்கிட் என்றால் வரி 42 ரிங்கிட், மொத்தம் 522 ரிங்கிட்.

பொருளின் விலை 500 ரிங்கிட்டைத் தாண்டினால் கணக்கு மாறும். அப்போது வழக்கமான இறக்குமதி நடைமுறை பொருந்தும். விலையோடு காப்பீட்டையும் அனுப்பும் செலவையும் கூட்டி வரும் தொகையின் மீது, பொருளின் வகையைப் பொறுத்து வரி விதிக்கப்படும், கூரியர் நிறுவனம் தன் கையாளுதல் கட்டணத்தையும் சேர்க்கும். இதனால் 490 ரிங்கிட் பொருளுக்கும் 510 ரிங்கிட் பொருளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு 20 ரிங்கிட்டைவிட அதிகமாகவே இருக்கும். உறையில் அன்பளிப்பு என்று எழுதி விலையைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று சில விற்பனையாளர்கள் முன்வருவார்கள். பொய்யான அறிவிப்பின் விளைவு பெறுநராகிய உங்கள் தலையில்தான் விழும் என்பதால் மறுத்துவிடுங்கள். வெளிநாட்டு நாணயத்தில் அட்டையைப் பயன்படுத்துவதற்கு வங்கி பிடிக்கும் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

புளூடூத், வைஃபை கொண்ட கருவிகள் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியின் விதிகளின்கீழ் தொடர்புக் கருவிகளாகக் கருதப்படுவதால், தரச்சான்று நிறுவனமான சிரிம் வழியிலான ஒப்புதலைக் கேட்டுப் பார்சல் சில வேளைகளில் நிறுத்தி வைக்கப்படலாம். அதே மாடலை மலேசியாவிற்குள்ளிருந்தே எம்சிஎம்சி முத்திரையுடன் ஷோப்பியிலோ லஸாடாவிலோ யாரேனும் விற்றால், சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாவது அதை வாங்குவதே மேல். உள்ளூர் விற்பனையாளர் ஏமாற்றினால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரிக்கை வைக்கலாம். கடல் கடந்து இருப்பவரை அங்கே கொண்டுவந்து நிறுத்துவது நடக்கிற காரியமல்ல.

படி 6: ஆர்டரும் காத்திருப்பும்

முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, கொண்டோ என்றால் புளோக்கும் யூனிட் எண்ணும், +60 என்று தொடங்கும் தொலைபேசி எண் ஆகியவை சரியாக இருக்க வேண்டும். கண்காணிப்பு எண் வந்ததும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் வழியில் இருக்கும் நாள்களில், 'உங்கள் பொட்டலம் சுங்கத்தில் தடுக்கப்பட்டுள்ளது, இந்த இணைப்பில் பணம் கட்டவும்' என்று குறுஞ்செய்தி வந்தால் அந்த இணைப்பைத் தொடாதீர்கள். அஞ்சல் அல்லது கூரியர் நிறுவனத்தின் இணையத்தளத்தை நீங்களே திறந்து, கண்காணிப்பு எண்ணை உள்ளிட்டுச் சரிபாருங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி தடுப்பு மையத்தை அழையுங்கள்.

படி 7: பெட்டியைப் பிரித்த அன்றே அமையுங்கள்

பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான கெடு பெரும்பாலும் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குவதால், சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். முதலில் தொலைக்காட்சியைப் பிராண்டின் பெயரால் தேடிச் சேருங்கள். அணைப்பது, ஒலி, உள்ளீடு மாற்றுவது ஆகிய மூன்றும் வேலை செய்தால்தான் குறியீடு சரி. அணைவது மட்டும் வேலை செய்தால் பட்டியலில் அடுத்த குறியீட்டைப் பாருங்கள்.

தரவுத்தளத்தில் இல்லாத கருவிக்குப் பழைய ரிமோட்டையும் புதியதையும் மேசையில் நேருக்கு நேர், இரண்டு மூன்று விரல்கடை இடைவெளியில் வைத்து, ஒவ்வொரு பொத்தானாகக் கற்பியுங்கள். பழைய ரிமோட்டில் புது பேட்டரி இருக்கட்டும். சன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம். பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் கட்டளை இரட்டிப்பாகப் பதிவாகி, பிறகு எண் 2ஐ அழுத்தினால் 22 என்று போகும். மெல்லத் தட்டினால் போதும்.

ஒரே பொத்தானில் பல கருவிகளை எழுப்பும் வசதியை இறுதியாக அமையுங்கள். பல கருவிகளில் எழுப்புவதற்கும் அணைப்பதற்கும் ஒரே குறியீடுதான் இருக்கும். ஏற்கெனவே எழுந்திருக்கும் சவுண்ட்பாருக்கு அந்தக் குறியீடு மறுபடி போனால் அது அணைந்துவிடும், தொலைக்காட்சியோ எழும். அதன்பின் இரண்டும் எதிரெதிராகவே இயங்கும். தரவுத்தளத்தில் 'பவர் ஆன்', 'பவர் ஆஃப்' என்று தனித்தனிக் குறியீடுகள் இருக்கின்றனவா என்று தேடி, இருந்தால் அவற்றையே போடுங்கள். ஒரு கட்டளைக்கும் அடுத்ததற்கும் இடையே ஓரிரு நொடி இடைவெளி கொடுத்தால், மெதுவாக எழும் பெட்டிகள் கட்டளையைத் தவறவிடாது.

பழைய ரிமோட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். பேட்டரியைக் கழற்றி, எந்தக் கருவிக்கு உரியது என்று ஒரு சீட்டு ஒட்டி, இழுப்பறையில் வையுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு, ஏர்கோன் பழுதுபார்ப்பு, மறுபடி கற்பித்தல் ஆகியவற்றுக்கு அவை தேவைப்படும்.