கடை இல்லாத ஊர்ல விளம்பரம் போடப் போறீங்களா? முதல்ல இதைப் பாத்துக்கங்க

எங்களுக்கு சாத்தூர்ல சேவுக்கடை. அப்பா காலத்துல இருந்து பஸ் ஸ்டாண்டுல இறங்குறவங்க, மதுரை-கன்னியாகுமரி ரோட்டுல கார்ல போறவங்க, இவங்களை நம்பித்தான் ஏவாரம். மூணு வருஷமா சென்னைக்கும் பெங்களூருக்கும் விளம்பரம் போட்டு பார்சல் அனுப்புறோம், ரெண்டு ஊர்லயும் ஒரு கிளை கூட கெடையாது. இதை எப்படி பண்றதுன்னு நிறைய பேரு போன்ல கேக்குறாங்க, அதான் தெரிஞ்சதை ஒரேடியா எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன்.

மொத தடவை விளம்பரம் போட்டப்ப செட் பண்ணிக் குடுத்த தம்பி "தாம்பரத்தில் சாத்தூர் காராச்சேவு, இன்றே வாங்குங்கள்"னு எழுதிட்டாரு, நானும் சரின்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு அக்கா போன் பண்ணி "அண்ணாச்சி, சானடோரியம் பாலம் தாண்டி வந்துட்டேன், கடை லெஃப்ட்லயா ரைட்லயா"ன்னு கேக்குறாங்க. பின்னாடி வண்டி சத்தம், சின்னப் புள்ள வேற அழுவுது. கடை சாத்தூர்லம்மான்னு சொன்னதும் ரெண்டு செகண்ட் பேச்சே இல்ல, அப்புறம் "அப்ப எதுக்குங்க தாம்பரம்னு போட்டீங்க"ன்னு கேட்டுட்டு வச்சுட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே அந்த விளம்பரத்தை நிறுத்துனேன். இப்ப எந்த விளம்பரம் போட்டாலும் இதைப் பாத்துட்டு யாராவது செருப்பை மாட்டிட்டு கெளம்பிடுவாங்களான்னு ஒரு தடவை கேட்டுக்கிட்டுதான் போடுறேன்.

சரி, வேலைக்கு வருவோம். கடை இல்லாத ஊர்ல விளம்பரம் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு முடிவு பண்ணிக்கங்க, சரக்கு அவங்ககிட்ட போகப் போகுதா, அவங்க உங்ககிட்ட வரப் போறாங்களா, இல்ல உங்க ஆள் அங்க போகப் போறாரா. தி.நகர் துணிக்கடை விளம்பரத்தை தென்காசில உக்காந்து டிவில பாக்குறோம்ல, அந்தக் கடைக்காரங்களுக்கு தென்காசில கடை வேணும்னு இல்ல, கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க குடும்பமே வேன் புடிச்சு போகும்னு அவங்களுக்குத் தெரியும். சேட்டிலைட் டிவில மாவட்டம் மாவட்டமா வெட்டிப் போட முடியாது, மொத்தமாத்தான் போகும், ஆனா அது அவங்களுக்கு நஷ்டம் இல்ல. அதே டிவில நீங்க கால் கிலோ சேவுக்கு விளம்பரம் போட்டா காசு கரியாப் போகும், கால் கிலோவுக்கு எவனும் வேன் புடிக்க மாட்டான். உள்ளூர் கேபிள், பேப்பரோட ஊர் எடிஷன், பேப்பருக்குள்ள வைக்கிற நோட்டீஸ், இதெல்லாம் அந்தந்த ஏரியாவோட நிக்கும். பேப்பர்ல குடுத்தா எந்த எடிஷன்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க, மதுரை எடிஷன்ல வந்தது சென்னைல வராது.

இனி இன்டர்நெட் விளம்பரம். இங்கதான் அதிகமா காசு போற ஓட்டை இருக்கு, கொஞ்சம் மெதுவா படிங்க. கூகுள்ல விளம்பரம் போடுற கூகுள் ஆட்ஸ்ல, நீங்க போடுற ஒவ்வொரு விளம்பரத் தொகுப்பையும் கேம்பெய்ன்னு சொல்லுவாங்க, அதோட செட்டிங்ஸ்குள்ள லொகேஷன்ஸ்னு இருக்கும், அதுல சென்னைன்னு போட்டதும் வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க. அதுக்கு கீழ லொகேஷன் ஆப்ஷன்ஸ்னு சின்னதா ஒண்ணு மடிச்சு வச்சிருப்பாங்க, அதைத் தொறந்தா பிரசென்ஸ் ஆர் இன்ட்ரஸ்ட்னு ஒண்ணு, வெறும் பிரசென்ஸ்னு ஒண்ணு. நீங்க தொடாம விட்டா மொதல்ல சொன்னதுதான் ஆன்ல இருக்கும். அதுக்கு அர்த்தம், சென்னைல இருக்கிறவங்க மட்டும் இல்ல, டெல்லில உக்காந்துக்கிட்டு சென்னையைப் பத்தி தேடுறவங்களுக்கும் உங்க விளம்பரம் போகலாம். நமக்கு பார்சல் போற ஊர்ல ஆள் இருக்கணும், அதனால வெறும் பிரசென்ஸ்தான் சரி. இதை மாத்தாமலே எனக்கு ஒரு மாசம் ஓடுச்சு, எங்கெங்க இருந்தோ கிளிக் வந்துச்சு, ஆர்டர் வரல.

அதே இன்ட்ரஸ்டை நேர்மையா பயன்படுத்துற வழியும் இருக்கு. தனியா இன்னொரு கேம்பெய்ன் போட்டு ஊரு சாத்தூர்னே வைங்க, அதுல இன்ட்ரஸ்ட் ஆன்ல இருக்கட்டும். சென்னைல இருந்து கன்னியாகுமரி பக்கம் கெளம்புறவங்க போற வழில சாத்தூர்ல என்ன வாங்கலாம்னு தேடுவாங்கல்ல, அவங்களுக்கு நம்ம கடை கண்ணுல படும். இவங்க நெஜமாவே நம்ம வாசலுக்கு வரப் போறவங்க, இந்த விளம்பரத்துல மட்டும் கடை அட்ரஸ், கடை தொறக்குற நேரம் எல்லாம் தாராளமா போடலாம்.

அடுத்து வேண்டாத வார்த்தை லிஸ்ட், நெகட்டிவ் கீவேர்ட்ஸ்னு சொல்லுவாங்க, இந்த வார்த்தை போட்டு தேடுறவங்களுக்கு நம்ம விளம்பரத்தை காட்டாதன்னு கூகுளுக்கு சொல்றது. "ரெசிபி", "செய்வது எப்படி", "வேலை" இதெல்லாம் எல்லாருமே தூக்கிடுவாங்க. கடை இல்லாத ஊருக்குன்னு முக்கியமா தூக்க வேண்டியது "நியர் மீ", "பக்கத்துல", "அருகில்" இந்த மாதிரி வார்த்தைங்க. பக்கத்துல எங்க கிடைக்கும்னு தேடுறவருக்கு இன்னைக்கு சாயங்காலம் டீயோட சேவு வேணும், நம்ம பார்சல் போய் சேர ரெண்டு மூணு நாள் ஆகும், அவரு கிளிக் பண்ணி ஏமாந்து நம்மள திட்டிட்டுப் போவாரு, அந்தக் கிளிக்குக்கு காசு குடுக்கிறதும் நாமதான்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாவுல மேப்புல பின் போட்டு சுத்தி இத்தனை கிலோமீட்டர்னு வைக்கலாம், வேண்டாத ஏரியாவை கழிச்சும் விடலாம். மொத்த சென்னையையும் அள்ளிப் போடாம நாலு ஏரியா மட்டும் எடுத்துப் பாருங்க. பெங்களூருக்கு விளம்பரத்தை தமிழ்லயே போடுங்க, தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்கதான் நின்னு பாப்பாங்க, அல்சூர் பக்கத்துல இருந்து எங்களுக்கு இப்படித்தான் ஆர்டர் வர ஆரம்பிச்சது. பட்டனை வாட்ஸ்அப்புக்கு போற மாதிரி வைங்க, நம்ம ஆளுங்க வெப்சைட்ல கார்டு நம்பர் அடிக்கிறதை விட "அண்ணாச்சி ஒரு கிலோ அனுப்புங்க"ன்னு ஒரு வாய்ஸ் நோட் போடுறதுக்குத்தான் சட்டுன்னு கை போகும்.

இப்ப மேப் விஷயம். இதுல எனக்கு நெஜமாவே கோவம் வரும். சென்னைல சித்தப்பா வீடு இருக்கு, அந்த அட்ரஸ்ல கூகுள் மேப்ல ஒரு கடை பின் போட்டுக்கலாம்னு யோசனை குடுக்கிறவங்க உண்டு, தயவு செஞ்சு பண்ணாதீங்க. என் தங்கச்சி வீட்ல வாஷிங் மெஷின் ரிப்பேர் ஆகி, மேப்ல பக்கத்துத் தெருன்னு காமிச்ச சர்வீஸ் சென்டரைத் தேடி நானும் மாப்பிள்ளையும் போனோம், போனா அது ஒரு அபார்ட்மென்ட், வாட்ச்மேன் தாத்தா சேர்ல இருந்து எந்திரிக்காமலே "வாஷிங் மெஷினா? இங்க அப்படி எதுவும் இல்ல தம்பி, டெய்லி ரெண்டு பேரு வராங்க"ன்னாரு. அந்தத் தாத்தாவுக்கு பின் போட்ட சர்வீஸ் சென்டர்க்காரங்க சம்பளம் குடுக்கிறாங்களா என்ன? கூகுள் ரூல்லயும் இது தப்பு. ஆள் உக்காராத வெர்ச்சுவல் ஆபீஸ் அட்ரஸ், போஸ்ட் பாக்ஸ் எதையும் ஒத்துக்க மாட்டாங்க, கடையே இல்லாம ஆன்லைன்ல மட்டும் விக்கிறவங்களுக்கு மேப் ப்ரொஃபைலே கெடையாது, புடிபட்டா ப்ரொஃபைலை சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க, சேத்து வச்ச ரிவ்யூ எல்லாம் அதோட போகும்.

மெக்கானிக், பெயின்டர், பூச்சி மருந்து அடிக்கிறவங்க மாதிரி வீட்டுக்குப் போய் வேலை செய்றவங்களுக்கு சர்வீஸ் ஏரியான்னு ஒழுங்கான வழியே இருக்கு. அட்ரஸை மறைச்சுட்டு எந்தெந்த ஊருக்குப் போவோம்னு 20 வரைக்கும் சேக்கலாம், ஆனா நீங்க இருக்கிற இடத்துல இருந்து வண்டில கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரத்துக்குள்ள இருக்கணும்னு சொல்றாங்க. சாத்தூர்ல இருந்து மதுரை, திருநெல்வேலி ரெண்டுமே அதுக்குள்ள வந்துடும், சென்னை வராது.

விளம்பரத்துல என்ன எழுதணும்? நாங்க இப்ப போடுறது இதுதான்: "சாத்தூர்ல போட்ட சேவு, சாத்தூர்ல இருந்தே பார்சல். சென்னைல எங்களுக்கு கடை இல்ல. வீட்டுக்கு வர 2, 3 நாள் ஆகும். கூரியரோட சேத்து விலை இவ்வளவு." கடை இல்லன்னு வெளிப்படையா சொன்னா வாங்க மாட்டாங்கன்னு வீட்ல எல்லாருமே பயந்தாங்க. கிளிக் கொறஞ்சது உண்மைதான், ஆனா கேட்டவங்கள்ல வாங்குனவங்க கூடுனாங்க. யோசிச்சுப் பாருங்க, கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு வந்துச்சு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அதுக்கு முந்தின வருஷமே வந்துடுச்சு, அந்தப் பண்டத்துக்கு மவுசே ஊருப் பேர்லதான இருக்கு. நம்ம ஊரை மறைச்சுட்டு சென்னைக் கடை மாதிரி வேஷம் போட்டா அங்க தெருவுக்குத் தெரு இருக்கிற ஸ்வீட் கடைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

விளம்பரம் போடுறதுக்கு முன்னாடி ஒரு பார்சலை சென்னைல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு அனுப்பி, பிரிக்கும்போது வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. எங்க மொத பார்சல்ல முக்கால்வாசி சேவு ஒடைஞ்சு, அடில ஒரு கை தூளு, கவர் ஓரத்துல எண்ணெய் கசிஞ்சு அட்டைப்பெட்டி கறுத்துப் போயிருந்துச்சு. கவருக்குள்ள சேவு ஆட்டம் போட எடம் இருந்ததுதான் காரணம். இப்ப கவர் நெறைய அமுக்காம போட்டு, டபுள் கவர் பண்ணி, கெட்டி அட்டைப்பெட்டில நாலு பக்கமும் பேப்பரைக் கசக்கித் திணிச்சு அனுப்புறோம். பால்கோவாக்காரங்களுக்கு இது இன்னும் கஷ்டம், பால் பண்டம் வெயில் காலத்துல மூணு நாள் கூரியர் வண்டில கெடந்தா என்ன ஆகும்னு அவங்களுக்கே தெரியும், அவங்க ஒரு ராத்திரில பஸ் பார்சல் போய் சேருற ஊருக்கு மட்டும் விளம்பரம் போடுறது நல்லது. விளம்பரத்தையும் ஞாயித்துக்கிழமைல இருந்து புதன் வரைக்கும் ஓட விடுங்க, வெள்ளிக்கிழமை வர்ற ஆர்டர் சனி ஞாயிறு கோடவுன்ல தூங்கும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்திடுங்க, அப்ப கூரியர்க்காரங்க தேதி சொன்னாலும் நம்பாதீங்க.

கணக்கு வழக்கு. ஒரு பேச்சுக்கு, கூரியர் பெட்டி எல்லாம் போக கிலோவுக்கு 120 ரூபா நிக்குதுன்னு வைங்க. டெய்லி 300 ரூபான்னு பத்து நாள் விளம்பரம் போட்டா 3000, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 540, மொத்தம் 3540. அதுல 20 ஆர்டர் வந்தா ஒரு ஆர்டருக்கு 177 ரூபா விளம்பரத்துக்கே போச்சு, ஆளுக்கு ஒரு கிலோன்னா கைல இருந்துதான் போடுறீங்க. ரெண்டு கிலோ காம்போ வைக்கணும், இல்லன்னா அதே ஆள் திரும்ப வாங்கணும், வேற வழி இல்ல. அதனால ஒவ்வொரு பெட்டிலயும் வாட்ஸ்அப் நம்பர் அச்சடிச்ச ஒரு சீட்டு போடுங்க, அடுத்த ஆர்டர் விளம்பரச் செலவே இல்லாம வரும்.

ஜிஎஸ்டில பலபேர் கோட்டை விடுற எடம் இது. காம்போசிஷன் ஸ்கீம்ல, அதாவது சின்ன ஏவாரிங்க மொத்த விற்பனைல ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியா கட்டுற திட்டத்துல இருக்கிறவங்க வெளி மாநிலத்துக்கு சரக்கு விக்கவே கூடாது. வருஷத்துக்கு 40 லட்சம் ஏவாரம் வரைக்கும் ரெஜிஸ்டர் பண்ண வேண்டாம்ங்கிற சலுகையும் வரி உள்ள சரக்கை வேற மாநிலத்துக்கு விக்கும்போது பொருந்தாது. சென்னைக்கு அனுப்புறது வேற, பெங்களூருக்கு அனுப்புறது வேற, மொதல்ல ஆடிட்டரைப் பாருங்க, அப்புறம் பெங்களூர்ல பின் போடுங்க. பாக்கெட் மேல எஃப்எஸ்எஸ்ஏஐங்கிற உணவு லைசென்ஸ் நம்பர், தயாரிச்ச தேதி, எடை, விலை, உங்க முழு அட்ரஸ், புகார் பண்ண போன் நம்பர் எல்லாம் இருக்கணும். சொந்த வெப்சைட்ல வித்தீங்கன்னா 2020ல வந்த இ-காமர்ஸ் ரூல்ஸ் படி புகார் வந்த 48 மணி நேரத்துல கிடைச்சதுன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீத்து வைக்கணும். இன்னொண்ணு, கடை சாத்தூர்ல இருக்கு, கேஸ் போட்டா இங்க வந்துதான போடணும்னு நினைக்காதீங்க, 2019 நுகர்வோர் சட்டப்படி வாங்குனவங்க அவங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம், அலையப் போறது நீங்கதான். இல்லாத கிளையை இருக்குன்னு விளம்பரம் பண்ணி அது தவறான விளம்பரம்னு ஆச்சுன்னா 10 லட்சம் வரைக்கும் அபராதம் போட எடம் இருக்கு.

ஆன்லைன் வேணாம்னு நினைக்கிறவங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல பேசி ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்டால் போட்டுப் பாருங்க, ருசி காட்டுறதை விட பெரிய விளம்பரம் கெடையாது, வாடகை கேப்பாங்க, குடுத்துருங்க. அனுமதி வாங்காம பேனர் மட்டும் கட்டிடாதீங்க.

கடைசியா ஒரு நோட்டு போடுங்க, கம்ப்யூட்டர்லாம் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். ஆர்டர் வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் "எங்க பாத்தீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டு பின்கோடோட எழுதுங்க. மூணு மாசம் கழிச்சுப் புரட்டுனா எந்த ஏரியால ஒரே ஆள் திரும்பத் திரும்ப வாங்குறாருன்னு தெரியும், அந்த ஏரியால ஒரு மளிகைக்கடை அண்ணாச்சியைப் புடிச்சு பத்து பாக்கெட் குடுத்து வைங்க. அவரு விக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம், அந்தக் கடைப் பேரையும் தெருவையும் போட்டு "இங்க கிடைக்கும்"னு விளம்பரத்தை மாத்தலாம். எங்களுக்கு இப்ப தாம்பரத்துல அப்படி ஒரு கடை கிடைச்சிருக்கு, மொத வேலையா நோட்டுல இருந்த அந்த அக்கா நம்பருக்கு கடையோட லொகேஷனை அனுப்புனேன்.