தகரக் கூரை லயம்: அட்டையும் குச்சியும் கொண்டு ஒரு மாதிரி வீடு செய்யும் முறை

லயம் என்பது தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக ஒட்டி வாழ்ந்த நீள வீடு. அதில் ஒரு குடும்பம் வாழும் பகுதி ஒரு வாசல். இரண்டு வாசல் கொண்ட லயத்து வீடு ஒன்றை மேசைமேல் வைக்கும் அளவில் செய்வது எப்படி என்று இங்கே சொல்கிறேன். கத்தியும் அடிக்கோலும் பிடிக்கத் தெரிந்தால் போதும், முன் அனுபவம் தேவையில்லை.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பணி ஓய்வு பெற்ற நாங்கள் சிலர், ஒரு நண்பர் வீட்டுப் பின்கொட்டகையில் வாரந்தோறும் கூடி மாதிரிகள் செய்கிறோம். தோட்டத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், லாரி ஓட்டியவர், இளமை முழுவதும் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலையில் கழித்த ஓர் அக்கா என்று பலரும் வருவார்கள். பெட்டியில் வரும் விமானத்தையும் கப்பலையும் அழகாகச் சேர்ப்பவர்கள் எங்களில் உண்டு. ஆனாலும் புதிதாக வருபவர் கையில் நான் முதலில் கொடுப்பது லயத்து வீட்டைத்தான். விமானத்துக்கு அளவும் படமும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. லயத்துக்கு அவை மனிதர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுச் செய்துவிட வேண்டும்.

முதலில் அளவு

அளவு விகிதம் 1:50 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் ரயில் மாதிரிகளின் விகிதம் வேறு. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழைய தோட்டக் கட்டடங்கள் அடிக்கணக்கில் கட்டப்பட்டவை. 1:50 விகிதத்தில் ஓர் அடி 6 மில்லிமீட்டராகிறது. ஆறடிக் கதவு 36 மி.மீ., ஐந்தரை அடி மனிதர் 33 மி.மீ. கணக்கு மனத்திலேயே ஓடும்.

அளவைச் சேகரிப்பதுதான் இந்த வேலையின் உயிர். பெரியவர்களிடம் போய், "உங்கள் வீடு எத்தனை அடி?" என்று கேட்டால் பதில் வராது. யாரும் தம் வீட்டை அடிக்கோல் வைத்து அளந்து வாழ்வதில்லை. இப்படிக் கேளுங்கள்: "எத்தனை பாய் விரிப்பீர்கள்? விரித்த பிறகு கதவைத் திறக்க முடியுமா? கையை உயர்த்தினால் விட்டம் எட்டுமா? முன் தாழ்வாரமான அஞ்சடியில் சைக்கிளைக் குறுக்காக நிறுத்தினால் ஆள் நடக்க இடம் இருக்குமா?" பாய் ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடி. சைக்கிள் ஏறக்குறைய ஆறடி நீளம். கை உயர்த்திய நடுத்தர உயரத்து ஆளின் விரல் நுனி ஏழடிக்கு அருகில் நிற்கும். மூன்று நான்கு பேரிடம் இப்படிக் கேட்டால் ஒரு வீட்டின் உருவம் தானாகத் திரண்டு வரும்.

பழைய குடும்பப் புகைப்படம் கிடைத்தால் இன்னும் நல்லது. பின்னால் தெரியும் கூரைத் தகரங்களை எண்ணுங்கள். நெளிதகரம் ஒன்று, ஓரம் ஏற்றிப் போட்ட பிறகு, சுமார் இரண்டு அடி அகலத்தை மூடும். ஒரு வாசலுக்கு மேல் ஐந்து தகரம் தெரிந்தால் அந்த வாசலின் அகலம் பத்தடி.

எல்லா லயமும் ஒரே மாதிரி இருந்ததில்லை. தூண் மேல் நின்றவை உண்டு, சிமெண்டுத் தரையில் அமர்ந்தவை உண்டு, பலகையால் ஆனவையும் செங்கல்லால் ஆனவையும் உண்டு. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் சட்டம் 1966இலும், அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டம் 1990இலும் இயற்றப்பட்டன. ஆகவே நீங்கள் செய்வது எந்தத் தோட்டம், எந்தக் காலம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 1955ஆம் ஆண்டு வீட்டுக்கு 1985ஆம் ஆண்டுச் சன்னல் வைக்கக் கூடாது.

இந்த விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவு இது: சிமெண்டுத் தரை, பலகைச் சுவர், ஒரு வாசலுக்கு அகலம் 10 அடி. முன்னால் அஞ்சடி 5 அடி, நடுவில் அறை 12 அடி, பின்னால் அடுப்படி 8 அடி. மாதிரியில் இது 60 மி.மீ. அகலம், 30 + 72 + 48 = 150 மி.மீ. ஆழம். இரண்டு வாசலுக்கு 120 × 150 மி.மீ. ஏ4 தாள் அளவுள்ள பலகையில் வீடும் முற்றமும் அடங்கிவிடும். கூரை விளிம்பின் உயரம் 7 அடி, அதாவது 42 மி.மீ. முகட்டின் உயரம் 12 அடி, அதாவது 72 மி.மீ.

வாங்க வேண்டியவை

2 மி.மீ. கனமுள்ள சாம்பல் அட்டை, மணிலா அட்டை, சாத்தேக் குச்சி (சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சி), ஐஸ்கிரீம் குச்சி, வெள்ளைப் பசை, எஃகு அடிக்கோல், முனை உடைத்துப் பயன்படுத்தும் கத்தி, 240ஆம் 400ஆம் எண் மணல்தாள், அக்ரிலிக் வண்ணம். ஹார்ட்வேர் கடையில் எம்10 அளவு (10 மி.மீ. குறுக்களவு) மரைத்தண்டு, அதாவது நீளம் முழுவதும் மரை வெட்டிய கம்பி, ஒரு சாண் நீளம் கேட்டு வாங்குங்கள். கல்யாண வீட்டில் மிஞ்சும் அலுமினிய உணவுத் தட்டுகளைக் கழுவி வையுங்கள். சமையலறை அலுமினியத் தாள் மிக மெல்லியது, கிழிந்துவிடும். பானத் தகரக் குவளை விறைப்பானது, வளையாது. உணவுத் தட்டின் கனம்தான் சரி.

மைதா மாவுப் பசை வேண்டாம். நம் ஊரில் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அதைத் தேடி வந்து தின்னும்.

சுவர்

சாம்பல் அட்டையை வெட்டும் முன் இரண்டு பக்கமும் மெல்லிய வார்னிஷ் பூசிக் காயவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பேராக்கின் ஈரக்காற்றில் அட்டை ஒரு வாரத்தில் வில்லாக வளைந்துவிடும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் மனம் தளர்ந்து கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வெட்டும்போது ஒரே அழுத்தத்தில் துண்டாக்க முயலாதீர்கள். அடிக்கோலை அழுத்திப் பிடித்து, கத்தியை நான்கைந்து முறை மெல்ல இழுங்கள். கதவையும் சன்னலையும் சுவர் தட்டையாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிடுங்கள்.

பலகை வேலைக்கு மணிலா அட்டையை 3.5 மி.மீ. அகலப் பட்டைகளாக நறுக்குங்கள். அடியிலிருந்து மேலே ஒட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு பட்டையும் கீழே உள்ளதன்மேல் அரை மி.மீ. ஏறட்டும். வெளியே தெரிவது 3 மி.மீ., நிஜத்தில் ஆறங்குலப் பலகை. மேலிருந்து கீழே ஒட்டினால் மழைநீர் வீட்டுக்குள் போகும் சுவராகிவிடும். தச்சு வேலை தெரிந்தவர் கண்ணில் அது உடனே படும்.

இனி இரு வாசலுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவர். இதைக் கூரை வரை எழுப்பாதீர்கள். 42 மி.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். பல லயங்களில் தடுப்பு கூரை விளிம்பின் உயரத்தோடு நின்றது, அதற்கு மேல் முகடு வரை திறந்த வெளி. பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை, தாளிக்கும் மணம், கணவன் மனைவி பேச்சு எல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான் வந்தன. எங்கள் அக்கா இந்த ஒன்றைத்தான் முதலில் சரிபார்ப்பார். தடுப்பு முகட்டைத் தொட்டிருந்தால், "இது லயம் இல்லை தம்பி, துரை பங்களா" என்று சொல்லிவிடுவார்.

கூரையில் ஒரு பாதியைக் கழற்றி எடுக்கும்படி வைத்தால் பார்ப்பவர்களுக்கு இந்தத் தடுப்பு தெரியும். அந்தப் பாதியை மெல்லிய அட்டைமேல் கட்டி, சுவரோடு பசை போடாமல் விடுங்கள்.

கூரை

நெளிதகரத்தின் இரண்டு மேடுகளுக்கு இடையே 3 அங்குலம், அதாவது 76 மி.மீ. ஐம்பதால் வகுத்தால் ஒன்றரை மி.மீ. எம்10 மரைத்தண்டின் மரை இடைவெளியும் சரியாக ஒன்றரை மி.மீ. எங்கள் ஃபிட்டர் அண்ணன் கண்டுசொன்ன பொருத்தம் இது. இதற்கென்று தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை.

அலுமினியத் தட்டின் தட்டையான அடிப்பகுதியை வெட்டி எடுங்கள். பழைய ரப்பர் விரிப்பு அல்லது கணினி எலியின் அடிவிரிப்பின்மேல் அதை வைத்து, மரைத்தண்டை இரு கையாலும் அழுத்தி ஒரே திசையில் உருட்டுங்கள். அலை அலையாகக் கோடுகள் விழும். மரை சுருளாகச் செல்வதால் கோடுகள் சுமார் மூன்று பாகை சாய்ந்திருக்கும். இதைப் பார்த்துப் பதற வேண்டாம். தகட்டின் ஓரத்தைப் பார்த்து வெட்டாமல், விழுந்த கோட்டை ஒட்டி அடிக்கோல் வைத்து வெட்டினால் சாய்வு மறைந்துவிடும்.

ஒவ்வொரு தகரத்தையும் 13.5 மி.மீ. அகலத்தில் தனித்தனியாக வெட்டுங்கள். அதில் ஒன்பது அலை இருக்கும். பக்கத்தில் ஓர் அலை ஏற்றினால் வெளியே தெரிவது 12 மி.மீ., நிஜத்தின் இரண்டு அடி. ஒரே பெரிய தகடாகப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் கூரை பொய்யாகத் தெரியும். இதில் குறுக்குவழி வேண்டாம் என்று மன்றாடியே கேட்கிறேன்.

நீளம்: கீழ் வரிசைக்கு எட்டடித் தகரம், 48 மி.மீ. மேல் வரிசைக்கு ஏழடி, 42 மி.மீ. மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மேல் 3 மி.மீ. ஏறும். மொத்தம் 87 மி.மீ. இது முகட்டிலிருந்து சுவரைத் தாண்டி ஓர் அடி நீட்டும் அளவுக்குச் சரியாக வரும். கீழ் வரிசையை முதலில் ஒட்டி, பிறகு மேல் வரிசையை ஒட்டுங்கள். ஒரு வரிசைக்கு 11 வீதம் இரு சரிவுக்கும் 44 தகடுகள் வேண்டும். ஒன்றிரண்டு கூடுதலாக வெட்டி வையுங்கள். அலுமினியத்தை ஒட்ட வெள்ளைப் பசை உதவாது, ரப்பர் பசை பயன்படுத்துங்கள். முகட்டுக்கு ஒரு பட்டையை நடுவில் மடித்துக் கவிழ்த்தால் முடிந்தது.

வண்ணம்

பளபளக்கும் அலுமினியத்தில் அக்ரிலிக் நிற்காது. பாத்திரம் துலக்கும் திரவத்தால் கழுவிக் காயவைத்து, சாம்பல் நிற அடிப்பூச்சைத் தெளியுங்கள்.

துரு எங்கே வரும் என்று யோசித்துப் பூசுங்கள். தகரத்தைக் காப்பது அதன்மேல் உள்ள துத்தநாகம். ஆணி அடித்த இடத்திலும் வெட்டிய ஓரத்திலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடுக்கிலும்தான் அது முதலில் தோற்கும். ஆகவே துரு அங்கே தொடங்கிக் கீழ்நோக்கி வழிய வேண்டும். செங்கல் தூளைச் சலித்து, மென்மையான தூரிகையால் தடவினால் நல்ல துரு நிறம் கிடைக்கும். ஓரிரு தகரங்களை மட்டும் புதிதாக விட்டுவிடுங்கள். ஒழுகிய இடத்தில் மாற்றப்பட்ட தகரம் இல்லாத லயம் ஏது?

சுவருக்கு நீர்த்த வெள்ளை. நிஜச் சுண்ணாம்பு போல அடியில் பலகை நிறம் தெரியட்டும். தரையிலிருந்து ஓர் அடி உயரம் வரை, அதாவது 6 மி.மீ., செம்மண் நிறம் ஏற்றுங்கள். கூரை நீர் மண்ணில் விழுந்து சுவரில் தெறித்த கறை அது. அடுப்படியின் உள்புறத்துக்கு மேற்பகுதியில் கரி.

முற்றமும் மரமும்

இங்கே அவரவர் வீட்டை வைக்கலாம். பொதுக்குழாய், கால்வாய், முருங்கை, கறிவேப்பிலை, கோழிக்கூடு, வாசலில் கவிழ்த்த வாளி, பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு. எல்லாவற்றையும் ஒரே முற்றத்தில் திணிக்காமல் மூன்று நான்கோடு நிறுத்துங்கள்.

ரப்பர் மரம் மட்டும் கவனமாகச் செய்ய வேண்டியது. மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டரை எட்டியதும் பால் வெட்டத் தொடங்குவது வழக்கம். அப்போது அதன் குறுக்களவு சுமார் 16 சென்டிமீட்டர், மாதிரியில் 3 மி.மீ. சாத்தேக் குச்சியே இளம் பால்மரமாகிறது. முதிர்ந்த மரத்துக்குச் சாப்பிடும் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுக் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும், சரிவு சுமார் 30 பாகை. பட்டைக்குள் பால் குழாய்கள் செங்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்து செல்கின்றன, இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். மாற்றிக் கீறிய மரத்தைப் பால்வெட்டு தெரிந்த எவரும் மன்னிக்க மாட்டார்கள். வெட்டின் கீழ் முனையில் பாதியாக நறுக்கிய சிறு பாசிமணியை ஒட்டினால் அது பால் வடியும் கிண்ணமான மங்கு.

இலை செய்வது கடினமாக இருந்தால் மரங்களை மொட்டையாக விடுங்கள். தீபகற்ப மலேசியாவில் பிப்ரவரி, மார்ச்சு வாக்கில் ரப்பர் இலையுதிர்க்கும், ஆகவே அதுவும் உண்மையான காட்சிதான். தரையில் காய்ந்த தேயிலைத் தூளைத் தூவினால் சருகு தயார். பட்டையின் நிறம் பார்க்க விரும்பினால் பேராக்கிலேயே உள்ள கோலகங்சார் நகரம் வரை போய் வாருங்கள். 1877இல் அங்கே நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று முதிய மரமாக இன்னும் நிற்கிறது. நாங்கள் குழுவாகப் போய் அதன் அடிமரத்தை வண்ணத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பழுப்பைவிடச் சாம்பல் நிறமே அதில் தூக்கலாக இருந்தது.

முடித்த பிறகு

கண்ணாடி அல்லது அக்ரிலிக் மூடி போடுங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்று வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சன்னல் வெயில் படும் இடத்தில் வைத்தால் வண்ணம் வெளுக்கும்.

அடிப்பலகையின் பின்புறம் தோட்டத்தின் பெயர், எந்த ஆண்டின் தோற்றம், அளவு விகிதம் ஆகியவற்றை அழியாத மையில் எழுதுங்கள். எந்த அளவை யார் சொன்னார் என்பதையும் அவரவர் சம்மதத்தோடு எழுதிவிடுங்கள்: அறையின் அகலம் பாய்க் கணக்கில் இன்னார் சொன்னது, அடுப்படியின் உயரம் இன்னார் கை காட்டியது என்று. பிறகு மாதிரியை அவர்களிடமே எடுத்துச் சென்று காட்டுங்கள். கூரையைக் கழற்றி உள்ளே பார்த்ததும் அவர்கள் புதிதாக ஏதாவது சொல்வார்கள். அடுப்பு அந்த மூலையில் இல்லை, இந்த மூலையில் என்பார்கள். அதற்காகத்தான் அடுப்பை மட்டும் கடைசிவரை ஒட்டாமல் வைத்திருக்கச் சொல்கிறேன்.