கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்த் கரோலைனாவுக்கு வேலை மாறி வந்து கேரி, மாரிஸ்வில் பக்கம் வீடு பார்க்கிற தமிழ்க் குடும்பத்திடம் அலுவலகத்திலோ பிள்ளைகளின் பள்ளியிலோ யாராவது சீக்கிரமே கேட்டுவிடுவார்கள்: "நீங்க டியூக்கா, கரோலைனாவா?" கேட்பவர் கல்லூரிக் கூடைப்பந்தைத்தான் கேட்கிறார். டர்ஹமில் டியூக், சேப்பல் ஹில்லில் நார்த் கரோலைனா பல்கலைக்கழகம் (ஊரில் யுஎன்சி, அல்லது வெறுமனே கரோலைனா), ராலேயில் என்சி ஸ்டேட். மூன்றும் காரில் ஏறக்குறைய அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். டியூக்குக்கும் யுஎன்சிக்கும் நடுவில் 15-501 சாலையில் பத்து மைல் வந்தால் அதிகம். இந்தச் சின்ன வட்டத்துக்குள் ஆண்கள் தேசியப் பட்டங்கள் மட்டும் 13: யுஎன்சிக்கு 6, டியூக்குக்கு 5, என்சி ஸ்டேட்டுக்கு 2.

புதிதாக வருகிறவர் சொல்லும் பதில் பெரும்பாலும் "எனக்கு ரெண்டுமே பிடிக்கும்" என்பதாக இருக்கும். முதல் தவறு இதுதான். மரியாதைக்காகச் சொல்வது புரிகிறது, ஆனால் இங்கே அதை மரியாதையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆர்வமே இல்லை என்று சொல்லிவிடலாம், அதில் தப்பில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்க அந்தக் கல்லூரியில் படித்திருக்கவும் வேண்டாம். யுஎன்சி சட்டை போட்டுத் திரிபவர்களில் சேப்பல் ஹில் வகுப்பறையையே பார்க்காதவர்கள் ஏராளம். நீங்கள் எந்தக் காரணத்துக்காகவும் தேர்ந்தெடுக்கலாம். கடைசியாகக் கோப்பை வாங்கியது யார் என்று பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். அடுத்த வருடம் அதே அணி மண்ணைக் கவ்வும், அப்போது உங்கள் முகத்தைப் பார்த்து எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கூடவே ஒரு சின்ன விஷயம். டியூக்கின் நீலம் அடர்த்தியானது, யுஎன்சியினுடையது வெளிர் வானநீலம். "ரெண்டும் நீலம்தானே" என்று கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டு பாட்லக்குக்கு (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து) போனால் சாப்பிட்டு முடிக்கும்வரை கிண்டல் ஓயாது. என்சி ஸ்டேட் சிவப்பு, அந்தச் சிக்கலே இல்லை.

என்பிஏ கண்ணாடியைக் கழற்றுங்கள்

என்பிஏ (அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) பார்த்துப் பழகியவர்கள் கல்லூரி ஆட்டத்தை முதலில் பார்த்ததும், "என்ன இப்படி மெதுவா ஆடுறாங்க, ஸ்கோரே வரல" என்பார்கள். ஆண்கள் கல்லூரி ஆட்டம் மொத்தமே 40 நிமிடம், இருபது இருபதாக இரண்டு பாதி. பந்தை வைத்துக்கொள்ள 30 விநாடி உண்டு, என்பிஏவில் 24. என்பிஏவில்போல் ஆறு அல்ல, ஐந்து ஃபவுலில் (விதிமீறலில்) ஆட்டக்காரர் வெளியே. அதனால்தான் முதல் பாதியில் இரண்டு ஃபவுல் வாங்கிய நட்சத்திர ஆட்டக்காரரைப் பல பயிற்சியாளர்கள் உடனே பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறார்கள். டிவி முன்னால் இருப்பவர் "அவனை ஏன்யா எடுத்தே?" என்று கத்துவார். மூன்றாவதும் முதல் பாதியிலேயே விழுந்துவிட்டால் இரண்டாம் பாதி முழுக்க அந்தப் பையன் கையைக் கட்டிக்கொண்டு தடுப்பாட்டம் ஆட வேண்டியிருக்கும். அந்த பயம் தான் காரணம்.

ஸ்கோரை வைத்து எடைபோடுவதிலும் கவனம் வேண்டும். டோனி பென்னட் பயிற்சியாளராக இருந்த காலத்தில் வர்ஜீனியா அணி பந்தை நிதானமாகச் சுற்றவிட்டு ஆடும். ஒரு ஆட்டத்தில் ஓர் அணிக்குச் சுமார் 60 முறைதான் பந்து கிடைக்கும். 63 புள்ளி எடுத்தார்கள் என்றால் மோசமாக ஆடினார்கள் என்று அர்த்தமில்லை. விவரமானவர்கள் மொத்தப் புள்ளியைப் பார்க்க மாட்டார்கள். நூறு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி என்றுதான் பார்ப்பார்கள். 2019 தேசியத் தொடரின் (மார்ச்சில் தொடங்கும், தோற்றால் வெளியே என்ற நாட்டுக் கோப்பைப் போட்டி) அரையிறுதியில் வர்ஜீனியா ஆபர்ன் அணியை வென்றது 63-62 என்ற கணக்கில்தான். அடுத்த ஆட்டத்தில் கோப்பையையும் தூக்கினார்கள்.

அதே வர்ஜீனியா அதற்கு முந்தைய வருடம் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 2018 தேசியத் தொடரில் முதல் தரவரிசையில் இருந்த அவர்கள் பதினாறாம் தரவரிசையில் (தொடரின் ஒவ்வொரு பிரிவிலும் பலமான அணிக்கு 1, பலவீனமானதற்கு 16) இருந்த யுஎம்பிசி அணியிடம் 74-54 என்று தோற்றார்கள். ஆண்கள் தொடரில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. அன்றிரவு "பென்னட்டை அனுப்பு" என்று எழுதியவர்கள் பன்னிரண்டு மாதம் கழித்து அதை எங்கே ஒளித்து வைத்தார்களோ.

நவம்பரில் தீர்ப்பு எழுதாதீர்கள்

சீசன் நவம்பரில் தொடங்குகிறது. முதல் இரண்டு மாதம் பெரிய அணிகள் பாதி நாள் சின்னக் கல்லூரிகளை வரவழைத்து முப்பது புள்ளி வித்தியாசத்தில் அடிக்கும். அதைப் பார்த்து "இந்த வருஷம் நாமதான்" என்பதும், ஒன்றில் தோற்றதும் "முடிஞ்சுபோச்சு" என்பதும் ஒரே தவறின் இரண்டு முகம். ஜனவரியில், இந்த மூன்று கல்லூரிகளும் இருக்கும் ஏசிசி கூட்டமைப்புக்குள்ளான ஆட்டங்கள் சூடுபிடித்து, எதிரணி அரங்கில் போய் ஆடும்போதுதான் அணி எப்படிப்பட்டது என்று தெரியும்.

யுஎன்சியையே எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரியில் சொந்த அரங்கில் பிட்ஸ்பர்க்கிடம் தோற்றபோது தேசியத் தொடருக்குள் நுழைவார்களா என்பதே சந்தேகம். எட்டாம் தரவரிசையோடு நுழைந்து இறுதியாட்டம் வரை போனார்கள். அடுத்த சீசன் தொடங்கும் முன் நாட்டின் முதலிடம் என்று எல்லோரும் எழுதினார்கள். கடைசியில் தொடருக்குள்ளேயே அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. 1985-ல் தொடர் 64 அணிகளாக விரிந்த பிறகு, சீசனுக்கு முன் முதலிடம் வாங்கிய அணிக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை.

ராலேயிலும் இதே கதை இன்னும் காரமாக நடந்தது. 2024-ல் என்சி ஸ்டேட் வழக்கமான சீசனின் கடைசி நான்கு ஆட்டத்தையும் தோற்றது. பயிற்சியாளர் கெவின் கீட்ஸின் வேலை போகப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஏசிசி தொடரில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்தார்கள். அரையிறுதியில் வர்ஜீனியாவுக்கு எதிராக மைக்கேல் ஓ'கானல் நேரம் முடிகிற நொடியில் எறிந்த மூன்று புள்ளிப் பந்து பலகையில் பட்டு உள்ளே போகாவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஏசிசி கோப்பை 1987-க்குப் பிறகு முதல்முறையாக வந்தது. அதோடு நிற்காமல் டியூக்கையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு தேசிய அரையிறுதிக்கே போய்விட்டார்கள். அடுத்த சீசன் 12 வெற்றி, 19 தோல்வி, கீட்ஸ் வெளியே. பிப்ரவரியில் அவரைத் திட்டியவர்களும் மார்ச்சில் கும்பிட்டவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்.

பிராக்கெட் (தேசியத் தொடரின் ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதும் கணிப்புத் தாள்) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 63 ஆட்டத்தின் முடிவையும் சரியாகக் கணிக்கச் சுமார் 92,000 கோடி கோடி வழிகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். உங்கள் அணியைக் கோப்பை வரை எழுதிவைத்து அலுவலகப் போட்டியில் கடைசியில் வந்தால் அது தவறில்லை, விசுவாசம். மார்ச்சில் மட்டும் கண்விழித்து, பிராக்கெட்டை வைத்து சீசன் முழுக்கப் பார்த்தவர்களுக்குப் பாடம் எடுப்பதுதான் தவறு.

ஒரு பையன் தலையில் பழியைப் போடாதீர்கள்

எல்லாவற்றிலும் மோசமானது இது. 1982 மார்ச் 29, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம். முதலாண்டு மாணவர் மைக்கேல் ஜோர்டன் எறிந்த பந்தில் யுஎன்சி 63-62 என்று முன்னிலை. எதிரணி ஜார்ஜ்டவுனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பந்து ஃபிரெட் பிரவுன் கையில். வலப்பக்கம் தன் ஆள் நிற்பதாக நினைத்துத் தட்டிவிடுகிறார். அங்கே நின்றது யுஎன்சியின் ஜேம்ஸ் வொர்தி. ஆட்டம் முடிந்தது. நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. பயிற்சியாளர் ஜான் தாம்ப்சன் ஆறடி பத்து அங்குல ஆள். அந்தப் பையனை இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து ஜார்ஜ்டவுன் கோப்பை வென்றபோது பிரவுன் அணியில் இருந்தார், அந்த அணைப்பு மறுபடியும் நடந்தது.

1993-ல் அதே அரங்கம், அதே யுஎன்சி. மிஷிகனின் கிறிஸ் வெபர் 11 விநாடி மிச்சமிருக்கும்போது டைம் அவுட் (ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் இடைவேளை) கேட்டார். அணியிடம் டைம் அவுட்டே பாக்கி இல்லை. அதற்குத் தண்டனையாக டெக்னிக்கல் ஃபவுல், தோல்வி. அந்த ஆட்டத்தில் அவர் எடுத்த 23 புள்ளிகளை எத்தனை பேர் சொல்கிறார்கள்? இருபது வயதில் செய்த ஒரு பிழையை முப்பது வருடமாகச் சொல்லிச் சிரிக்கிறோம்.

அப்போதாவது திட்டுவது வீட்டுக்குள்ளேயே நின்றது. இப்போது பையனின் இன்ஸ்டாகிராமுக்கே நேராகப் போய் விழுகிறது. 2024 மார்ச் 11 முதல் நார்த் கரோலைனாவில் செல்போனிலேயே விளையாட்டுப் பந்தயம் கட்டலாம். அதே மாதம் யுஎன்சியின் அர்மாண்டோ பேக்காட், தான் போதுமான ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுக்கவில்லை என்று திட்டி நூற்றுக்கும் மேற்பட்ட செய்திகள் வந்ததாகச் சொன்னார். அந்த ஆட்டத்தில் அவர் அணி ஜெயித்திருந்தது! அணி வென்றும் ஒருவருக்குக் கோபம் வருகிறது என்றால் அவர் பந்தயக்காரர், ரசிகரல்ல. ஆட்டக்காரருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பாதீர்கள், பாராட்டோ வசையோ எதுவானாலும். எந்தக் கல்லூரி என்று இன்னும் முடிவெடுக்காத பள்ளிக்கூடப் பையனுக்கு "எங்க ஊருக்கு வா தம்பி" என்று எழுதுவதும் இதில் அடக்கம்.

இதன் தொடர்ச்சிதான் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்) மீதான கோபம். 2021 முதல் மாணவர்கள் ஒரு வருடம் ஆடாமல் காத்திருக்காமலே கல்லூரி மாறி ஆடலாம்; அதே வருடம் ஜூலை முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் செய்யலாம். 2022 அரையிறுதியில், மறுபடியும் நியூ ஆர்லியன்ஸில், யுஎன்சியின் கேலப் லவ் 28 புள்ளி எடுத்து டியூக்கை வீழ்த்தினார். 42 சீசன் டியூக்கை நடத்திய மைக் ஷஷெஃப்ஸ்கியின் கடைசி ஆட்டம் அது. லவ் செய்ததை சேப்பல் ஹில் கோயில் கட்டிக் கொண்டாடும் என்றுதான் தோன்றியது. ஒரே வருடத்தில் அவர் போர்ட்டலில் பெயர் கொடுத்து அரிசோனாவுக்குப் போனார். துரோகி என்றார்கள் சிலர். பயிற்சியாளர் கூடுதல் சம்பளத்துக்கு வேறு கல்லூரி போனால் அதைத் தொழில் முன்னேற்றம் என்கிறோம். இருபத்தோரு வயதுப் பையன் போனால் மட்டும் ஏன் துரோகம்? எப்படியும் நான்கைந்து வருடத்தில் எல்லோரும் போகத்தான் போகிறார்கள். இந்த ரசனையில் நாம் பிடித்துக்கொள்வது சட்டையைத்தான், ஆளை அல்ல. ஆகவே காசு கொடுத்து ஜெர்சி வாங்குவதென்றால் முதுகில் பெயர் இல்லாததாக வாங்குங்கள், நாள்பட உழைக்கும்.

அரங்கத்துக்குள்

சொந்த அணி ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத எறி) எறியும்போது கத்தாதீர்கள். உற்சாகப்படுத்துவதாக நினைத்துப் புதியவர்கள் செய்வது இது. எதிரணி எறியும்போதுதான் தொண்டை கிழிய வேண்டும். நம் ஆள் கோட்டில் நின்றால் அரங்கமே அமைதியாகிவிடும்.

டியூக்கின் கேமரன் அரங்கம் 1940-ல் கட்டியது, 9,314 பேர்தான் கொள்ளும். யுஎன்சி ஆட்டத்துக்காக மாணவர்கள் வாரக்கணக்கில் வெளியே கூடாரம் போட்டுக் கிடப்பார்கள். மாணவர் பகுதியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு "முன்னாடி மறைக்குது, உட்காருங்க" என்று கேட்காதீர்கள். யுஎன்சியின் டீன் ஸ்மித் அரங்கம் அதைவிட இரண்டு மடங்குக்கும் பெரியது, நல்ல இருக்கைகள் பல நன்கொடையாளர்களுக்குப் போனவை. அங்கே உட்கார்ந்து பார்ப்பவர்கள் நிறைய.

ஜெயித்ததும் ஆடுகளத்துக்குள் ஓடுவது தொலைக்காட்சியில் அழகு. 2024 பிப்ரவரியில் வேக் ஃபாரஸ்ட் ரசிகர்கள் அப்படி இறங்கியபோது டியூக்கின் கைல் ஃபிலிப்பாவ்ஸ்கி மோதலில் காயப்பட்டு நொண்டிக்கொண்டே வெளியேறினார். அதற்கு முந்தைய மாதம் ஒஹையோவில் அயோவா பெண்கள் அணியின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் ஒரு ரசிகையோடு மோதிக் கீழே விழுந்தார். கொண்டாட வேண்டுமா, யுஎன்சி மாணவர்கள் செய்வதுபோல் சேப்பல் ஹில்லின் ஃபிராங்க்ளின் தெருவுக்கு ஓடுங்கள். அங்கே தோற்ற அணி நிற்பதில்லை.

கடைசியாக ஒன்று. "எங்க அணி" என்று சொல்லிக்கொள்பவரிடம் பெண்கள் அணியைப் பற்றிக் கேட்டால் விழிப்பார். 1994 இறுதியாட்டத்தில் 0.7 விநாடி மிச்சமிருக்க யுஎன்சியின் ஷார்லட் ஸ்மித் மூன்று புள்ளி எறிந்து 60-59 என்று கோப்பை வாங்கிய ஆட்டத்தை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். என்சி ஸ்டேட் ஆண்கள் அரையிறுதிக்குப் போன அதே 2024-ல் பெண்கள் அணியும் போனது என்பதும் தெரியாது. பயிற்சியாளர் கே யோ 1975 முதல் 2009-ல் புற்றுநோயில் இறக்கும் வரை வளர்த்த அணி அது; ராலேயில் 1949-ல் திறந்த பழைய ரெனால்ட்ஸ் அரங்கில் இன்றும் ஆடுகிறது, ஆடுகளத்துக்கு அவர் பெயர். டியூக்-யுஎன்சி ஆண்கள் ஆட்டத்துக்கு மறுவிற்பனைத் தளத்தில் ஒரு மாத வாடகையைக் கொட்டும் முன், அதே இரண்டு கல்லூரிகளின் பெண்கள் ஆட்டத்துக்கு அதே கேமரனில் என்ன விலை என்று பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டு வரலாம்.