கையடிக் கத்தியைக் கல்லில் தீட்டுவது: பிசிறு வரும் வரை பக்கம் மாற்றாதீர்கள்

கொல்லர் கையால் அடித்த இரும்புக் கத்தி வீட்டில் இருக்கிறது, ஆனால் தக்காளித் தோலில் வழுக்கிக்கொண்டு போகிறது. இதுதான் உங்கள் நிலை என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். ஹட்டன், பண்டாரவளை, பதுளைப் பக்கம் சந்தையில் வாங்கியதோ, பட்டறையில் சொல்லி அடித்ததோ, தீட்டும் முறை ஒன்றுதான்.

கல்லை எடுக்கும் முன் கத்தியைக் கொஞ்சம் பாருங்கள். முதுகு பிடியருகே தடித்து, நுனிப்பக்கம் படிப்படியாக மெலிய வேண்டும். அது சம்மட்டியால் வரும் மெலிவு. தகட்டை வெட்டி எடுத்த மலிவுக் கத்தி பெரும்பாலும் அடி முதல் நுனி வரை ஒரே தடிப்பில் இருக்கும். மேல்பாதியில் உலைக் கருப்பை அப்படியே விட்டிருந்தால் அதைத் தேய்த்து எடுக்காதீர்கள், அழகும் அதுதான், துருவுக்குத் தடுப்பும் அதுதான். லொறி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தியில் கார்பன் சுமார் 0.6 சதவீதம் இருக்கும். பழைய அரத்தில் அடித்ததில் 1 சதவீதமோ அதற்கு மேலோ. அரக்கத்தி கூரை நெடுநாள் வைத்திருக்கும், ஆனால் எலும்பில் பட்டால் வாய் (வெட்டும் ஓரம்) உதிரும். எவர்சில்வர் வகைக் கத்திகளில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு. கையடிக் கத்திகளில் அந்த அளவு கிடையாது. அதனால் சாதாரணக் கல்லே இவற்றை வேகமாகத் தேய்க்கிறது. துருப்பிடிப்பதும் அதனால்தான்.

வாங்கும்போது ஒரு சோதனை: பிடியருகே வாயில் சின்ன அரத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் நன்றாகத் தோய்த்த (காய்ச்சி முக்கி உறுதியேற்றிய) கத்தி. அரம் ஆழமாகக் கடித்தால் இரும்பு மென்மை, எந்தக் கல்லாலும் அதில் கூர் நிற்காது.

(இரும்பைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் போக மனமில்லை. மலைநாட்டின் தென்சரிவில், பலாங்கொடைப் பக்கம் சமனலவெவயில், மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளில் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கிய உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் அகழ்ந்தெடுத்தார். கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான உலைகள். அவற்றிலிருந்து கார்பன் மிகுந்த எஃகே கிடைத்தது என்று 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். நம் மலைக்காற்றில் எஃகு விளைந்திருக்கிறது.)

என்ன வேண்டும்

ஒரே ஒரு கல் வாங்கக் காசு இருந்தால் 1000 எண் தண்ணீர்க்கல் வாங்குங்கள் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்). வாய் உதிர்ந்த கத்திகளுக்கு ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் இருபக்கக் காபரண்டம் கல்லின் சொரசொரப்புப் பக்கம் போதும். 3000 கல் நல்லதுதான், ஆனால் சமையலறைக்குக் கட்டாயமில்லை. கத்தியை இழுத்து எடுக்கும் வெட்டுள்ள பிளாஸ்டிக் தீட்டிகளை வாங்கவே வேண்டாம். அவை கையடிக் கத்தியின் வாயைச் சுரண்டி அலை அலையாக்கிவிடும்.

மின்சாரச் சாணையிலும் கொடுக்காதீர்கள். மெல்லிய வாய் நொடியில் சூடேறும். நீல நிறம் தெரிந்தால் அந்த இடம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வரை போய்விட்டது, கொல்லர் ஏற்றிய உறுதி அங்கே இறங்கிவிட்டது என்று அர்த்தம். கல்லில் எவ்வளவு தேய்த்தாலும் அது திரும்பாது.

கல் நடுவில் குழிந்திருந்தால், மேலே பென்சிலால் கோடுகள் போட்டு, கண்ணாடித் துண்டில் ஈரமாக ஒட்டிய 220 உப்புத்தாளில் கோடுகள் அழியும் வரை தேயுங்கள். தண்ணீர்க்கல்லில் எண்ணெய் படவே கூடாது.

சாய்வு

கல்லை நனைத்து, ஈரத்துணி மேல் நகராமல் வையுங்கள். சமையல் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 பாகை. பாகைமானி தேவையில்லை. கத்தி அகலத்தில் கால்பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் 15 பாகை, மூன்றில் ஒரு பங்கு தூக்கினால் 20. அகலம் 45 மில்லிமீட்டர் என்றால் 15 மில்லிமீட்டர் தூக்குங்கள், சரியாக இருக்கும். வாயோரம் முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசி நாலு தடவை தேய்த்துப் பாருங்கள். மை வாயின் விளிம்பில் அழியாமல் மேலே மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும்.

பிசிறு

எனக்குப் பிடிபட நெடுநாள் எடுத்த இடம் இதுதான். ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

'பக்கத்துக்கு 20 தடவை தேய்' என்று பலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். எண்ணிக்கையால் பயனில்லை. ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போகும்போது, சரிவு வாயின் விளிம்பை எட்டியதும் அங்குள்ள எஃகு மெலிந்து மறுபக்கம் மடங்கும். அந்த மெல்லிய மடிப்புதான் பிசிறு. அது வராதவரை நீங்கள் விளிம்பைத் தொடவே இல்லை. அதற்குள் பக்கம் மாற்றினால் இரண்டு பக்கமும் பளபளக்கும், கத்தி மட்டும் வெட்டாது.

தேய்க்காத பக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, வெளிநோக்கி மெதுவாக வழித்துப் பாருங்கள். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டக் கூடாது, வெட்டிவிடும். விளிம்பில் ஒரு சுரசுரப்பு விரலில் மாட்டும். விரலுக்குத் தெரியாவிட்டால் பஞ்சுத் துண்டை அதே திசையில் வழியுங்கள், பிசிறு இருக்கும் இடத்தில் இழை சிக்கும். அடியிலிருந்து நுனி வரை எங்கும் சிக்க வேண்டும். நடுவில் மட்டும் வந்து இரு முனையிலும் வராமல் இருப்பதுதான் வழக்கம். அடியில், பிடி கல்லோரத்தில் இடிப்பதால் தேயாது, கத்தியைக் கொஞ்சம் குறுக்காகத் திருப்பிப் பிடியுங்கள். நுனி வளைந்திருப்பதால் அங்கே போகும்போது பிடியைச் சற்றுத் தூக்க வேண்டும்.

முழு நீளத்துக்கும் பிசிறு வந்ததா? இப்போது பக்கம் மாற்றி அதே வேலை. அப்புறம் பிசிறை எடுக்க வேண்டும். அழுத்தத்தைக் குறைத்து, கடைசியில் கத்தியின் சொந்தப் பாரம் மட்டும் இருக்கும்படி, வாயை முன்னே வைத்துத் தள்ளி, பக்கத்துக்கு ஒன்றாக மாறி மாறிச் செய்யுங்கள். பிறகு பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், முதுகு முன்னே போக, சில முறை இழுங்கள். விளக்கடியில் வாயை நேராகப் பார்த்தால் வெள்ளைக்கோடு எதுவும் தெரியக் கூடாது. தெரிகிற இடம் இன்னும் மழுங்கல்.

கருமை துரு அல்ல

வெங்காயம், மாங்காய், வாழைப்பூ வெட்டியபின் வரும் நீலச்சாம்பல் நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்தப் படலம் சிவப்புத் துருவை ஓரளவு தடுக்கும். சிவப்பு தெரிந்தால் மட்டும் அடுப்புச் சாம்பலும் எண்ணெயும் சேர்த்துத் தேயுங்கள்.

மூடுபனியில் வாழும் நமக்கு இந்தக் கருமையை முன்கூட்டியே ஏற்றிவிடுவது நல்லது. சோப்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, நல்ல கடுஞ்சாயத்தில் (பால் விடாத கடும் தேநீர்) கொஞ்சம் வினாகிரி விட்டு, அலகை சில மணி நேரம் ஊற வையுங்கள். பிடி நனையக் கூடாது. தேயிலையின் டானின் இரும்போடு சேர்ந்து கருநீலமாக்கும். நம் தூளிலேயே நம் கத்தி கறுப்பது எனக்குத் தனி சந்தோஷம். புளிப்பு வாயை மழுக்கும் என்பதால் இதை முடித்துவிட்டுத் தீட்டுங்கள்.

பின்சேர்க்கை

நுவரெலியாவிலிருந்து ஒருவர், தேங்காய் எண்ணெய் கத்தியில் கட்டிகட்டியாக நிற்கிறது என்று எழுதியிருந்தார். 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும், அங்கே வேறு வழியில்லை. அலகை வெந்நீரில் காட்டி, துடைத்து, சூடு ஆறும் முன் பூசுங்கள். இல்லையென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது. அது உறையாது, சிக்குவாடையும் வராது. தையல் மெஷின் எண்ணெயைச் சமையல் கத்திக்குப் பூச வேண்டாம்.

பலாக்காய்ப் பாலை அடுப்புத் தீயில் காட்டி எரிப்பதாக இரண்டு பேர் சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம். சாணைச் சூட்டுக்குச் சொன்னதே இதற்கும். வெட்டும் முன் எண்ணெய் தடவுங்கள். ஒட்டிய பாலையும் எண்ணெய்த் துணியாலேயே துடைக்கலாம்.

கவ்வாத்துக் கத்திக்கு (தேயிலைச் செடி கத்தரிக்கும் வளைந்த கத்தி) இது சரிவருமா என்று கேட்டவர்களுக்கு: பிசிறு விதி அப்படியே பொருந்தும், சாய்வு பொருந்தாது. கெட்டியான தேயிலைக் கிளைக்கு 15 பாகை வாய் மடங்கிவிடும், 25 பாகை வையுங்கள். உள்வளைவில் தட்டைக் கல் படாது. கத்தியை முழங்காலில் அசையாமல் ஊன்றி, ஓரம் உருண்ட சிறு கல்லை வளைவோடு நகர்த்துங்கள். வெட்டு வழவழப்பாகச் சரிந்து இருந்தால்தான் கிளை பிளக்காமல், தண்ணீர் தங்காமல் வடியும். ஆகவே மலைக்குப் போகும்போது அந்தச் சிறு கல்லும் பையில் இருக்கட்டும். வாய் இழுக்கத் தொடங்கியதுமே நின்று தீட்டிக்கொள்ளலாம்.